அடிவாரக் குறிப்புகள் – 14: சுண்டலுக்கு ஆகாத பயறு



மூணு வாரமா இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கலை. ஆணி ஜாஸ்தி. "உயிரோட இருக்கியா, இல்ல மலை மேல சாமியாராப் போயிட்டியா?"ன்னு தனிமடல் போட்டுக் கேட்ட ரெண்டு நல்ல உள்ளங்களுக்கு நன்றி. இருக்கேன். சாமியாராகிற அளவுக்கு இன்னும் ஞானம் வரலை. ஆனா இந்தத் தடவை ஒரு சுண்டலால கொஞ்சம் ஞானம் வந்திருக்கு. அதைத்தான் எழுதப் போறேன். கொஞ்சம் நீளமான பதிவு, டீயோட உட்காருங்க.

புதுசா வர்றவங்களுக்கு ஒரு வரி முன்கதை. நான் இருக்கிறது த பேசின். மெல்பர்னுக்குக் கிழக்கே முப்பது கிலோமீட்டருக்கு மேல தள்ளி, டாண்டினாங் மலையோட அடிவாரம். பேருக்கு ஏத்த மாதிரி மலை மடியில ஒரு கிண்ணம் கணக்கா இருக்கும். பொரோனியா ஸ்டேஷன்ல இறங்கி பஸ் பிடிச்சு வரணும். பஸ்ஸை விட்டா அடுத்தது எப்போன்னு பிள்ளையாருக்குத்தான் தெரியும். அந்தப் பிள்ளையாரும் இங்கதான் இருக்கார். மவுண்டன் ஹைவே மேல வக்ரதுண்ட விநாயகர் கோயில். யூனிவர்சிட்டிக்கு ரொம்ப தூரம்னு தெரிஞ்சும் நான் இங்க ரூம் எடுத்ததுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு வாடகை. இன்னொண்ணு, வீட்டுக்காரர் அங்கிள் யாழ்ப்பாணத்துக்காரர், சமைச்சா எனக்கும் ஒரு தட்டு வைப்பார். மூணாவதா பக்தியும் உண்டுன்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன் :-)

போன சங்கடஹர சதுர்த்தி அன்னிக்கு அங்கிள்கூட கோயிலுக்குப் போயிருந்தேன். பூஜை முடிஞ்சு சுண்டல் வாங்கிக்கிட்டு வெளிய வந்து நின்னோம். கறுப்புக் கொண்டைக்கடலை, தேங்காய்ப் பூ, காஞ்ச மிளகாய். கண்ணை மூடிக்கிட்டு சாப்பிட்டா மன்னார்குடி மாதிரியே இருந்தது.

"தம்பி, இந்தக் கடலை எங்கத்தையான் எண்டு தெரியுமோ?"

"இந்தியாவுலேர்ந்து வந்திருக்கும் அங்கிள்."

"விசர்க் கதை கதைக்காதையும். இது குயின்ஸ்லாந்துக் கடலை. சாக்கில எழுதிக் கிடக்கு. உங்கட ஆக்களே இஞ்சையிருந்துதான் வாங்கிச் சாப்பிடினம்."

நான் படிக்கிறது விவசாய வணிகம். முதுகலை முடிச்சு, இப்போ ஆராய்ச்சின்னு அதே சட்டியில கிண்டிக்கிட்டு இருக்கேன். கடலை எங்கேர்ந்து வருதுன்னு எனக்குத் தெரியாதுன்னு சொல்ல முடியாது. பரீட்சையில எழுதியிருக்கேன். ஆனா கையில தொன்னையோட நிக்கும்போது அது ஞாபகத்துக்கு வரலை. தொன்னையில இருந்தது எனக்கு எங்க ஊர்க் கடலை.

நிற்க.

அன்னிக்கு ராத்திரியே மாமா போன் பண்ணினார். நமக்கும் ஊருக்கும் இப்போ அஞ்சரை மணி நேரம் வித்தியாசம். அவர் மாட்டைக் கட்டிட்டு சாவகாசமா உட்கார்ந்து பேசற நேரத்துக்கு எனக்குப் பாதி ராத்திரி.

"மாப்ள, சம்பா அறுப்பு வருது. இந்த வருஷம் தரிசுல என்ன போடலாம்? நீ படிச்சதுல பார்த்துச் சொல்லு."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரலை. ஏன்னு சொல்றேன். இதை இதுவரைக்கும் எழுதினதில்லை, எழுதற தைரியமும் இல்லாம இருந்தது.

சோயா புராணம்

2023 தை மாசம். நான் இங்க வந்து முதல் செமஸ்டர் முடிச்ச திமிர்ல இருந்த காலம். சோயாதான் உலகத்தையே ஆளுதுன்னு வகுப்புல படிச்சிருந்தேன். பொய் இல்லை. சோயா மொச்சையில புரதம் 40 சதவீதத்துக்குப் பக்கம், எண்ணெய் 20 சதவீதத்துக்குப் பக்கம். நம்ம பச்சைப்பயறுல புரதம் 24 சதவீதம்தான், எண்ணெய் சுமார் 1 சதவீதம். கோழித்தீவனம், பன்றித்தீவனம், சமையல் எண்ணெய் எல்லாம் சோயா மேல நிக்குது. சிகாகோ சந்தையில 1936-லேர்ந்து அதுக்கு முன்பேர வியாபாரம் நடக்குது. உலகத்துல எந்த மூலையில சோயா விதைச்சாலும் அந்தப் பலகையைப் பார்த்து விலை சொல்லிடலாம்.

இதையெல்லாம் மாமாகிட்ட போன்ல அளந்தேன். "பயறு, உளுந்துன்னு தாத்தா காலத்துலேயே நிக்கிறீங்களே மாமா, கோழிப்பண்ணை பெருகுது, சோயாவுக்குத்தான் எதிர்காலம்" அப்படின்னு. அவர் மூணு ஏக்கர்ல ஒன்றரை ஏக்கர் சோயா போட்டார். விதை கொடுத்த வியாபாரி, விளைஞ்சதை அவரே எடுத்துக்கிறதா வாக்கு கொடுத்திருந்தார்.

நடந்தது என்ன? விதை பாதிதான் முளைச்சுது. சோயா விதைக்கு நம்ம ஊர் வெக்கையும் ஈரமும் ஆகாது. சும்மா வச்சிருந்தாலே சில மாசத்துல முளைப்புத்திறன் போயிடும். முளைச்சதும் வெளிறிப் போய் நின்னுது. பயறு, தட்டைப்பயறு வேர்ல முடிச்சு போடற ரைசோபியம் நம்ம மண்ணுலேயே காலங்காலமா இருக்கு. சோயாவுக்கு வேண்டியது வேற இனம். சோயா பழக்கமில்லாத மண்ணுல விதையோட சேர்த்து அதைக் கலந்து போட்டாத்தான் தழைச்சத்து பிடிக்கும். இது எனக்கு அப்பவே தெரிஞ்சிருக்கணும். ரெண்டாவது செமஸ்டர்ல படிச்சேன்!

கடைசியில 3 மூட்டை தேறுச்சு. வியாபாரிக்குப் போன் போட்டா, "ஒரு லாரி லோடு சேராம வண்டி அனுப்ப முடியாதுங்க"ன்னுட்டார். சுத்துப்பட்டுல வேற யாரும் சோயா போடலை, லோடு எங்கேர்ந்து சேரும்? மூட்டை திண்ணையில கிடந்தது. அத்தை ஒரு நாள் அதுல சுண்டல் பண்ணிப் பார்த்தாங்க. ராத்திரி பூரா ஊறப் போட்டு, நாலு விசில் வச்சு, தேங்காய் எல்லாம் போட்டு. அந்தப் பச்சை நெடி போகவே இல்லையாம். பசங்க வாயில வச்சுட்டுத் துப்பிட்டாங்க. மாமா மட்டும் ஒரு கிண்ணம் முழுசா சாப்பிட்டாராம். "மாப்ள சொன்னது தப்பாகாது, நீதான் சரியா வேக வைக்கலை"ன்னு அத்தையைத் திட்டினாராம்.

மிச்சத்தை வேக வச்சு மாட்டுக்குப் போட்டாங்க. மொத்தத்துல 18,000 ரூபாய் போச்சு. மாமா இதுவரைக்கும் அந்தத் தொகையை என்கிட்ட சொன்னதில்லை. போன மாசம்தான் அத்தை வாய் தவறிச் சொன்னாங்க.

அதே மாமாதான் இப்போ மறுபடியும் கேக்கிறார், "நீ படிச்சதுல பார்த்துச் சொல்லு"ன்னு.

"ஒரு வாரம் டைம் கொடுங்க மாமா"ன்னு போனை வச்சேன். அந்த ஒரு வாரம் நான் தீசிஸ் பக்கம் போகலை. சோயா போடற இடத்துல மனுசன் சாப்பிடற பயறு போட்டுப் பிழைக்கிறவங்க எப்படிப் பிழைக்கிறாங்க, இந்த ஆஸ்திரேலியாவுலேயே அதுக்கு என்ன கதை இருக்குன்னு துருவ ஆரம்பிச்சேன்.

கதை 1: பட்டாளத்துக்கு அவரை

பிரிஸ்பேனுக்கு வடமேற்கே சுமார் 200 கிலோமீட்டர்ல கிங்கராய்னு ஒரு ஊர். செம்மண் பூமி. நிலக்கடலைக்குப் பேர் போன இடம். அந்த ஊர்க்காரங்க தங்களை ஆஸ்திரேலியாவின் 'பேக்டு பீன்ஸ் தலைநகர்'னும் சொல்லிக்குவாங்க. எப்படி வந்தது இந்தப் பட்டம்? ரெண்டாம் உலகப்போர்ல அமெரிக்கப் பட்டாளம் ஆஸ்திரேலியாவுல வந்து இறங்கிச்சு. அவங்களுக்கு டப்பா அவரை வேணும். அமெரிக்கக் கடற்படை ஆண்டாண்டு காலமா தின்னுட்டு இருந்ததாலதான் அந்தச் சின்ன வெள்ளை அவரைக்கு 'நேவி பீன்ஸ்'னே பேரு. அந்தத் தேவைக்காக இங்க விதைக்க ஆரம்பிச்சதுதான். போர் முடிஞ்சு பட்டாளம் போனப்புறமும் பயிர் நின்னுடுச்சு, ஏன்னா டப்பாவுல அடைக்கிற கம்பெனிகள் வாங்க இருந்தாங்க. ரொட்டி மேல அவரைன்னு இந்த ஊர்க்காரங்களுக்கும் நாக்கு பழகிப் போச்சு.

இதுல பாடம் ரொம்பச் சின்னது. வாங்கறவன் முதல்ல வந்தான், பயிர் அப்புறம் வந்தது. நான் மாமாவுக்குச் செஞ்சது தலைகீழ்.

கதையோட பின்பாதியையும் சொல்லிடணும். இன்னிக்கு இந்த நாட்டு டப்பாக்களுக்கு வேண்டிய நேவி பீன்ஸ்ல பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்கு. மழை பொய்க்கும், வேற பயிர் நல்ல விலைக்குப் போகும், கம்பெனிக்கு வெளியில மலிவாக் கிடைக்கும். வாங்கறவன் இருந்தா மட்டும் போதாது, அவனுக்கு வேற போக்கிடம் இருக்கான்னும் பார்க்கணும்.

கதை 2: ஒரே வயல், ரெண்டு விலை

அடுத்தது நம்ம ஆள், பச்சைப்பயறு. குயின்ஸ்லாந்துல டார்லிங் டவுன்ஸ், எமரால்டு, பிலோயலா, அப்படியே கீழ இறங்கி நியூ சவுத் வேல்ஸ்ல மோரீ, நாராப்ரைன்னு வடக்குப் பக்கம் பூரா விளையுது. நம்மள மாதிரியே அவங்களுக்கும் இது நடுவுல வர்ற பயிர். கோதுமை, பார்லி அறுத்த நிலத்துல, மண்ணுல மிச்சம் இருக்கிற ஈரத்தை நம்பி, மூணு மாசத்துல எடுத்துடலாம். வசந்தத்துல ஒரு விதைப்பு, டிசம்பர்-ஜனவரியில ஒரு விதைப்பு. அதாவது நம்ம டெல்டாவுல தரிசுப் பயறு தூவற அதே தை மாசத்துலதான் அங்கேயும் பயறு விதைப்பு நடக்குது. எனக்கு இது ரொம்பப் பிடிச்சிருந்தது.

விளையறதுல 90 சதவீதத்துக்கு மேல ஏற்றுமதி. இந்தியா, சீனா, வியட்நாம், இந்தோனேசியா, தைவான்னு போகுது. ஆனா எப்படிப் போகுதுங்கிறதுலதான் சூட்சுமம் இருக்கு. சோயான்னா எண்ணெய் ஆலையில போய் நசுங்கப் போகுது. அது அழகா இருக்கா, பளபளப்பா இருக்கான்னு எவனும் பார்க்க மாட்டான். பயறு அப்படியே மனுசன் கண்ணு முன்னாடி போகுது. அதனால தரம் பிரிப்பாங்க. எல்லாத்துக்கும் மேல முளைகட்டற தரம். அதுக்கு மேல்விலை. முளைப்புத்திறன் பார்ப்பாங்க, தண்ணியில ஊறாத கல்லுப் பயறு எத்தனைன்னு எண்ணுவாங்க, நோய் இருக்கான்னு சோதிப்பாங்க. அதுக்குக் கீழ சமையல் தரம். அதுக்கும் கீழ உடைச்சு, அரைச்சு மாவு, நூடுல்ஸ்னு போற தரம்.

அறுவடை நேரத்துல ஒரு மழை பெஞ்சா தோல் சுருங்கும், பளபளப்பு போகும். நேத்து முளைகட்டற தரத்துல இருந்த வயல் நாளைக்கு ரெண்டு படி கீழ. அறுவடை மெஷின் மண்ணையும் சேர்த்து அள்ளிட்டாலும் அதே கதிதான். ஒரே விவசாயி, ஒரே வயல், ஒரே விதை. விலை மட்டும் வேற.

அதனாலதான் இங்க ரக ஆராய்ச்சியே நோயையும் பருமனையும் நிறத்தையும் சேர்த்துப் பார்த்து நடக்குது. 2008-ல கிரிஸ்டல், 2013-ல ஜேட், 2020-ல ஓபல்னு குயின்ஸ்லாந்து அரசு வளர்ப்புத் திட்டத்துலேர்ந்து ரகங்கள் வந்திருக்கு. பேரைப் பாருங்க, நகைக்கடை மாதிரி! பயறை நகை மாதிரி விக்கிறாங்கன்னு வச்சுக்குங்களேன்.

இங்க ஒரு சொந்தக் கதை. போன கோடையில நானும் அங்கிளோட பின்கட்டுல பயறு போட்டேன். அத்தை கொடுத்த விதையைக் கொண்டு வர இந்த நாட்டு ஏர்ப்போர்ட்ல விட மாட்டாங்க, அதனால டாண்டினாங் ஃபாஸ்டர் ஸ்ட்ரீட் மளிகைக்கடையில வாங்கின பாக்கெட்டையே பிரிச்சு ஊனினேன். த பேசின் ராத்திரி கோடையிலும் சிலுசிலுன்னு இருக்கும். பயறுக்குச் சூடான மண்ணு வேணும். பாதி செடி குளிர்ல குன்னிப்போச்சு. மீதியை மஞ்சக் கொண்டை வெள்ளைக் காக்கட்டூ கூட்டம் வந்து பிடுங்கி விளையாடிச்சு. மொத்த மகசூல் ஒரு டம்ளர். அங்கிள் அதையும் விடாம அவிச்சு, தேங்காய்ப்பூ போட்டு, "தம்பியின்ர தோட்டத்துப் பயறு" எண்டு நாலு பேருக்குக் கொடுத்தார். ஆளுக்கு ஒரு கரண்டி. விக்கலைன்னாலும் வீணாகலை. இதைக் குறிச்சு வச்சுக்குங்க, பின்னாடி வரும்.

கதை 3: ஒரே வாசல் உள்ள வீடு

இப்போ கோயில் சுண்டல் விஷயத்துக்கு வர்றேன். 2015, 2016 வாக்குல இந்தியாவுல பருப்பு விலை எகிறினது ஞாபகம் இருக்கா? துவரம்பருப்பு கிலோ 200 ரூபாய் தொட்டுச்சே. அந்த நேரத்துல ஆஸ்திரேலிய விவசாயிங்க கொண்டைக்கடலையைப் போட்டுத் தள்ளினாங்க. 2016-17-ல மட்டும் சுமார் 20 லட்சம் டன். எல்லாம் இந்தியாவை நம்பி.

அப்புறம் இந்தியாவுல நல்ல விளைச்சல், விலை சரிஞ்சது. 2017 ஆகஸ்டுல பச்சைப்பயறு, உளுந்து இறக்குமதிக்கு அளவு கட்டினாங்க. டிசம்பர்ல கொண்டைக்கடலைக்கு 30 சதவீதம் இறக்குமதி வரி. 2018 பிப்ரவரியில அது 40 ஆச்சு, மார்ச்சுல 60 ஆச்சு. இங்க அறுவடை முடிஞ்சு கொட்டில்ல கடலை குவிஞ்சு கிடக்கிற நேரத்துல வந்தது முதல் வரி. 2022 பிப்ரவரியில பச்சைப்பயறு இறக்குமதியும் கட்டுப்பாட்டுக்குள்ள போச்சு. பிறகு 2024 மே மாசம், கடலை விலை ஏறினதும், கொண்டைக்கடலை வரியைத் தூக்கிட்டாங்க. அதுவும் இங்க விதைக்கிற நேரம் பார்த்து. மறுபடியும் போட்டி போட்டு விதைச்சாங்க. 2025 ஏப்ரல்லேர்ந்து 10 சதவீத வரி திரும்ப வந்தது.

சோயாவுக்குச் சிகாகோ பலகை மாதிரி உலகம் பூரா பார்க்கிற ஒரு விலைப்பலகை பயறுக்குக் கிடையாது. வாங்கறவங்க கொஞ்சம் பேர். அதுல ஒருத்தர் கதவைச் சாத்தினா சரக்கு நடுக்கடல்ல நிக்கும். ஒரே வாசல் உள்ள வீடு மாதிரி.

இதைப் படிக்கும்போது முதல்ல எனக்கு அந்தக் குயின்ஸ்லாந்து விவசாயிங்க மேல பாவமா இருந்தது. கடன் வாங்கி விதைச்சு, அறுத்து, விக்க முடியாம நிக்கிறதுன்னா என்னன்னு ஒன்றரை ஏக்கர் அளவுக்கு எனக்கும் தெரியும். அப்புறம்தான் உறைச்சுது. அந்த வரி யாருக்காகப் போட்டது? என் மாமா மாதிரி ஆளுங்களுக்காக. வரி இல்லாம இங்கேர்ந்து கப்பல் கப்பலா பயறு போய் இறங்கினா மன்னார்குடியில மாமாவோட மூட்டைக்கு என்ன விலை கிடைக்கும்? நான் இங்க உட்கார்ந்து படிக்கிற படிப்புல பாதி, இந்த நாட்டுப் பயறை நம்ம நாட்டுல எப்படி விக்கிறதுங்கிறதுதான். நான் யார் பக்கம்?

நேர்மையாச் சொன்னா, அன்னிக்கு ராத்திரி இதுக்குப் பதில் கிடைக்கலை. இப்பவும் முழுசாக் கிடைக்கலை. ஆனா ஒண்ணு புரிஞ்சது. ரெண்டு பக்கமும் அடி வாங்கறது, ஒரே ஒரு வாங்கறவனை நம்பி விதைச்சவன்தான்.

மாமாவுக்கு நான் சொன்னது

ஒரு வாரம் கழிச்சு நானே போன் போட்டேன். முதல்ல, "மாமா, அந்த 18,000 ரூபாய்..."ன்னு ஆரம்பிச்சேன்.

"அதை எவ சொன்னா உனக்கு? விடு மாப்ள. விஷயத்துக்கு வா."

வந்தேன்.

"பயறே போடுங்க மாமா. கொஞ்சம் உளுந்தும்."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சிரிக்கிற சத்தம்.

"இதைத்தான எங்கப்பா போட்டார்? இதுக்கா மாப்ள நீ ஆஸ்திரேலியா போன?"

நானும் சிரிச்சேன். ஆனா காரணத்தைச் சொன்னேன். சோயா விக்கலைன்னா அது திண்ணையில கிடக்கும். பயறு விக்கலைன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வாங்குவாங்க, கடைக்காரர் அஞ்சு கிலோவா எடுப்பார், இல்லைன்னா வீட்டுல வேகும். லாரி லோடு சேர வேண்டாம். சாப்பிடற வாய் ஊர்லேயே இருக்கு. அது ஒரு வாசல். ரெண்டாவது வாசல், ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துல குறைந்தபட்ச ஆதரவு விலைக்கு அரசு எடுக்கிறப்போ அங்க கொடுக்கலாம். 2025-26-க்கு அறிவிச்ச ஆதரவு விலை குவிண்டாலுக்குப் பச்சைப்பயறு 8,768 ரூபாய், சோயா 5,328 ரூபாய். சோயா மகசூல் கூடுதலா வரும்னு சொல்லலாம், ஆனா அது நல்லா விளையற மண்ணுல. நம்ம தரிசுல மிச்ச ஈரத்துல என்ன வரும்னு பார்த்துட்டோமே.

"அதெல்லாம் சரி. ஆனா போன தடவை கூடத்துல ஈரம் ஜாஸ்தின்னு திருப்பிட்டான் மாப்ள."

இங்கதான் என் படிப்பு கொஞ்சம் உதவினதா நினைக்கிறேன். அங்க எடுக்கறதுக்கு ஈரம் 12 சதவீதத்துக்கு மேல இருக்கக் கூடாது. மாமா அடிச்ச களத்துலேர்ந்து நேரா மூட்டை பிடிச்சுக் கொண்டு போவார். ரெண்டு வெயில் தார்ப்பாய்ல காய வச்சு, சலிச்சு, கல்லு மண்ணு பொறுக்கிக் கொண்டு போங்கன்னேன். முதல் பறிப்பையும் ரெண்டாம் பறிப்பையும் ஒண்ணாக் கொட்டாதீங்க, தனித்தனி மூட்டை போடுங்கன்னேன். முதல் பறிப்புலதான் நல்ல பருமனான, பளபளன்னு இருக்கிற மணி இருக்கும். டார்லிங் டவுன்ஸ்ல பெரிய மெஷின் வச்சுப் பண்றதை நம்ம வீட்டுல முறமும் சல்லடையும் பண்ணும்.

அப்புறம் மூணாவது வாசல். மன்னார்குடியில முளைகட்டின பயறு பாக்கெட் போட்டு விக்கிற ஒரு மகளிர் குழு இருக்கு, அத்தைக்குத் தெரிஞ்சவங்க. அவங்க எல்லாப் பயறையும் வாங்க மாட்டாங்க, முளைக்கிற பயறுதான் வேணும். ஈரத்துணியில 100 மணியைச் சுத்தி வைங்க, எத்தனை முளைக்குது, எத்தனை ஊறாமக் கல்லா நிக்குதுன்னு எண்ணுங்க, அந்தக் கணக்கோட போய் பேசுங்கன்னேன். விதைக்கிறதுக்கு முன்னாடியே போய் பேசுங்கன்னேன். கிங்கராய் கதையையும் சொன்னேன்.

"பட்டாளத்துக்காரன் மாதிரி மகளிர் குழுங்கிற?"

"ஆமாம் மாமா, அதேதான்."

ஒண்ணை மட்டும் எனக்கு அவர் சொல்லிக் கொடுத்தார். முன்னெல்லாம் கையால நெல்லு அறுக்கறதுக்கு ஏழு, பத்து நாளைக்கு முன்னாடி, மண்ணு மெழுகு பதத்துல இருக்கும்போது நிக்கிற பயிருக்குள்ளேயே பயறைத் தூவிடுவாங்க. அறுத்து முடிக்கும்போது முளை எட்டிப் பார்க்கும். இப்போ அறுக்கறது மெஷின். செயின் வண்டி ஏறினா முளை எல்லாம் கூழாப் போயிடும். அறுத்தப்புறம் விதைச்சா ஈரம் ஓடிடும். "பயறு ஏன் குறைஞ்சு போச்சுன்னு உங்க காலேஜ்ல கேட்டா இதைச் சொல்லு"ன்னார். சொல்றேன். தீசிஸ்லேயே ஒரு வரி சேர்த்துட்டேன்.

கடைசி முடிவு: மெஷின் விட்டு அறுத்த கையோட ஈரம் நிக்கிற ரெண்டு ஏக்கர்ல பயறு, வாய்க்கால் ஓரம் ஒரு ஏக்கர் உளுந்து. விதை வம்பன் ரகம். பூக்கிற நேரத்துல 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பு. வெள்ளை ஈ வந்து மஞ்சள் தேமலைப் பரப்பாமப் பார்த்துக்கணும். அது வந்தா என் பேச்சும் போச்சு, முறம் சல்லடையும் போச்சு.

நேத்து வாட்ஸப்புல ஒரு படம் வந்தது. ஈரத்துணி விரிச்சிருக்கு. அதுல வரிசையா முளைச்ச பயறு. பக்கத்துல அத்தை கையெழுத்துல ஒரு துண்டுக் காகிதம்: "100-க்கு 91". கீழ மாமா குரல் பதிவு: "மாப்ள, சிகாகோவுல கேட்டுச் சொல்லு, இதுக்கு என்ன விலைன்னு."

திரும்பத் திரும்பக் கேட்டுக்கிட்டே இருக்கேன் :-)

இந்த வருஷம் என்ன ஆகும்னு இப்போ சொல்ல முடியாது. மாசியில ஒரு மழை வந்தா எல்லாக் கணக்கும் மாறிடும். பங்குனியில பயறு களத்துக்கு வந்தப்புறம், நல்லதோ கெட்டதோ, தொகையோட எழுதறேன். போன தடவை மாதிரி மூணு வருஷம் மறைச்சு வைக்க மாட்டேன்.

உங்க வீட்டுலேயும் தரிசுல பயறு போடறவங்க இருந்தா, மெஷின் அறுப்புக்கப்புறம் ஈரத்தை எப்படிப் பிடிக்கிறாங்கன்னு பின்னூட்டத்துல சொல்லுங்க. மாமாகிட்ட படிச்சுக் காட்டணும்.

டிஸ்கி: அடுத்த சங்கடஹர சதுர்த்திக்கு அங்கிள் பச்சைப்பயறுச் சுண்டல் உபயம் பண்றாராம். சாக்குல என்ன எழுதியிருக்குன்னு இந்தத் தடவை முன்கூட்டியே படிச்சுட்டுப் போறதா உத்தேசம்.